எட்டாவது பெயர்

செல்வமலர் கணேசலிங்கத்தின் உயரம் ஐந்தடி ஓரங்குலம். அந்த ஓரங்குலத்தை அவள் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்தவள் அல்ல. 1986இல் தென் லண்டனில் இருந்த ஒரு டெரிடோரியல் ஆமி மருத்துவப் பிரிவில் சேரப் போனபோது, அளவெடுத்த சிப்பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு 'ஐந்தடி' என்று எழுதினான். அவள் சுவரோடு ஒட்டி நின்றபடியே, "இன்னும் ஓரங்குலம் இருக்கிறது, அதையும் எழுதுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மறுபடி அளந்தார்கள். இருந்தது. முதல் நாளே பட்டாளத்தைத் திருத்தியவள் என்று அங்கே பேரெடுத்துவிட்டாள்.

டெரிடோரியல் ஆமி முழுநேரப் பட்டாளம் அல்ல. வார நாட்களில் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பின்னேரங்களிலும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போகிற ஏற்பாடு. செல்வமலருக்கு ஓர் ஆஸ்பத்திரி வார்டில் துணைத் தாதி வேலை. வீடு ஸ்ட்ரெதத்தில். கணவன் கணேசலிங்கத்துக்குக் கவுன்சில் கந்தோரில் வேலை. மனைவி பட்டாளத்துக்குப் போவதை அவன் முதலில் பகிடி என்று நினைத்தான், பிறகு இரண்டு மாதத்தில் விட்டுப்போகும் காய்ச்சல் என்று நினைத்தான், கடைசியில் செவ்வாய்க்கிழமைகளில் தானே சோறு வடிக்கப் பழகிக்கொண்டான்.

ஊர்ச் சனத்துக்கு அது அவ்வளவு லேசில் செரிக்கவில்லை. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து மனிதர் காதில் 'ஆமி' என்ற சொல் விழுந்தால், ஊரில் வீடு புகுந்து சுடுகிற இலங்கை ஆமிதான் நினைவுக்கு வரும். ஹைகேற் ஹில் முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை தவநாயகி அக்கா அவளை மண்டபத்து மூலையில் மடக்கிப் பிடித்தாள்.

"ஆமியோ? எந்த வாயால பிள்ளை உந்தச் சொல்லைச் சொல்லுறாய்?"

"அக்கா, இது காயப்பட்ட ஆக்களைத் தூக்கிற பிரிவு. சுடுறதுக்கு எல்லா இடத்திலையும் ஆக்கள் இருக்கினம். தூக்கிறதுக்கும் ஆக்கள் வேணும்தானே?"

தவநாயகிக்குச் சமாதானம் வரவில்லை. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை தன் முழங்கால் நோவுக்கு என்ன பூசலாம் என்று கேட்டுக்கொண்டு அவளிடமேதான் வந்தாள்.

செல்வமலருக்கு ஆட்களை நடத்தும் கை இருந்தது. சிலருக்குக் கறிக்கு உப்புப் போடும் கை வாய்ப்பதுபோல அது வாய்த்திருந்தது, அவ்வளவுதான். 1989 கோடையில், எட்டுப் பேரை நடத்தும் கோப்ரல் தரத்துக்கான இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவளோடு போன இருபது பேரில் பாதிப்பேர் கத்தினால்தான் கட்டளை என்று நம்பிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார்கள். அவள் கத்தவில்லை. என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும் என்று மூன்று வசனம் சொல்வாள். பிறகு வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்துவைத்திருப்பாள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பாள். மழையில் நடந்து வந்தவர்களை முதலில் காலுறை மாற்றவைத்து, அதற்குப் பிறகுதான் தேநீர் குடிக்க விடுவாள். புண்பட்ட காலோடு ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் நோயாளியைக் கீழே போடுவான் என்பது வார்டில் அவள் கண்ணால் கண்டது.

அந்தப் பயிற்சியை நடத்தியவர்களில் ஒருத்தி சார்ஜன்ட் மேடொக்ஸ். வேல்ஸ்காரி, கட்டையான தலைமயிர், சிரித்தால் ஒரு பல் மட்டும் தெரியும். செல்வமலரின் சொந்தப் பிரிவிலேயே அவள்தான் சார்ஜன்ட். அவள் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொன்ன பாடம் ஒன்றிருந்தது: உன் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது பெயரைக் கூப்பிடு, குரலைக் கேள், அதற்குப் பிறகு சரி போடு, கண்ணை நம்பாதே. செல்வமலர் அதை எழுதிவைத்துக்கொண்டாள். அடுத்த வருடம் கையில் இரண்டு கோடு ஏறிக் கோப்ரலானதும், தன்னிடம் வந்த எட்டுப் பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாள். அந்த எட்டுப் பேருக்கும் அவள்மேல் உயிர். கூரை வேலை செய்யும் டெரி நோலன் என்பவன் ஆறடி இரண்டங்குலம். அவன் மற்றப் பிரிவுக்காரரிடம் "எங்கள் கோப்ரல் என் இடுப்பு உயரம்தான், ஆனால் அவர் பார்த்தால் எனக்குத்தான் கழுத்து நோகும்" என்று சொல்லித் திரிந்தான்.

1991 வசந்தத்தில் அந்த எட்டில் ஒரு இடம் காலியானது. அதற்குச் சாதாரண சிப்பாயாக, பட்டாள வழக்கில் 'பிரைவேட்' ஆக, வந்து சேர்ந்தவர் அம்பலவாணன். கணேசலிங்கத்தின் சொந்த அண்ணன்.

மினிகாப் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். வயதெல்லைக்கு நாலு மாதம் பாக்கியிருக்கும்போது, ஒருவரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டதற்கு, "பிள்ளை போகேக்குள்ள நான் என்ன குறைச்சலோ?" என்றார். செல்வமலரின் கலியாணத்தை முன்னுக்கு நின்று நடத்தியவர் அவர்தான். தகப்பனில்லாத தம்பியை வளர்த்து லண்டனுக்கு எடுத்தவரும் அவர்தான். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் செல்வமலர் கதிரையைவிட்டு எழும்புவாள். அவருக்கு முதலில் சாப்பாடு போடாமல் மற்றவர் கோப்பையில் கரண்டி படாது. அவரை அவள் 'அத்தான்' என்றுதான் கூப்பிடுவாள். அவருடைய பெயர் பத்து வருடத்தில் ஒரு தரமேனும் அவள் வாயில் வந்ததில்லை. புருஷனின் மூத்த சகோதரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? செருப்போடு சாமியறைக்குள் போகலாமா என்று கேட்பதும் இதுவும் அவளுக்கு ஒன்றுதான்.

மேடொக்ஸ் விடயம் அறிந்து அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"உன் கணவனின் அண்ணன் உனக்குக் கீழே. வேறு பிரிவுக்கு மாற்றட்டுமா? பிரச்சினை வருமா?"

"வராது சார்ஜன்ட்," என்றாள் செல்வமலர்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கை அப்படி. என்னால் ஏலாத ஒன்றும் உண்டா என்று அந்த நாளில் அவளுக்கு உள்ளூர ஒரு நினைப்பு.

பிரச்சினை வரவில்லைத்தான். வராமல் பார்த்துக்கொண்டாள். அத்தானுக்கு நேரே கட்டளையிட வேண்டி வந்தால் "டெரி, நீங்கள் இருவரும் அந்த ஸ்ட்ரெச்சரை எடுங்கள்" என்பாள். டெரி எடுத்தால் அத்தானும் எடுப்பார். அத்தான் கட்டிய காயக்கட்டைச் சரிபார்க்க வேண்டி வந்தால் அவர் திரும்பி நிற்கும்போது பார்ப்பாள். ஆட்களைக் கணக்கெடுக்கும்போது ஏழு பெயரைக் கூப்பிடுவாள், ஏழு குரல் வரும். எட்டாவது பெயர் வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள், அத்தான் நிற்பார், சரி போடுவாள். பட்டியலில் அவர் பெயர் கடைசியில் இருக்கும்படி அவளே எழுதிக்கொண்டாள். அத்தானும் அதை ஒரு நாளும் கேட்கவில்லை. தம்பி பெண்சாதி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதது அவருக்கு இயல்பான காரியம். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

1992 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆற்றங்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய தேயிலைக் கிடங்கில் பயிற்சி. கட்டடம் குண்டு வெடித்து இடிந்துவிட்டது, உள்ளே காயப்பட்டவர்கள் கிடக்கிறார்கள், தேடித் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும் என்பது பாவனை. மூன்று பிரிவுகள். செல்வமலரின் பிரிவுக்குக் கிடைத்தது கீழ்த்தளம். இருட்டு, புகை, எலி. ஆற்றில் நீர் பெருகும் நேரத்தில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் ஊறும், அதனால் ஒரு மணிக்குள் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் பிரிவு பன்னிரண்டே முக்காலுக்கே கடைசி ஸ்ட்ரெச்சரை மேலே கொண்டுவந்துவிட்டது. மூன்று பிரிவிலும் அதுதான் முதலாவது.

வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் பச்சை மழைக்கோட்டுக்குள், தொப்பி மூக்குவரை. மூன்று பிரிவும் லொறிகளுக்குப் பக்கத்தில் கலந்துபோய் நின்றன. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. செல்வமலர் நனைந்த பட்டியலைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டாள். ஏழு குரல் வந்தது. எட்டாவதற்குத் தலையை நிமிர்த்தினாள். டெரிக்குப் பின்னால், குட்டையாய், கொழுத்த தோளோடு, தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு ஒருவர் நின்றார். சரி போட்டாள். ஏறச் சொன்னாள். லொறி புறப்பட்டது.

அவர் மற்றப் பிரிவின் சமையற்காரர்.

இரண்டரை மணிக்கு ஸ்ட்ரெதத்துக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் நிலையத்தில் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, களஞ்சியக்காரன் "ஒரு ஹெல்மெட் குறைகிறது" என்றான். "அம்பல் எங்கே?" அம்பலவாணனை அவர்கள் அப்படித்தான் சுருக்கி வைத்திருந்தார்கள்.

செல்வமலர் பைக்குள்ளிருந்து நனைந்த பட்டியலை எடுத்தாள், எட்டாவது பெயருக்கு நேரே சரி இருந்தது. சுற்றிப் பார்த்தாள். கழிப்பறையில் இல்லை. லொறியில் இல்லை. டெரி கையிலிருந்த சாமானைப் போட்டுவிட்டு வந்தான். "எனக்குப் பின்னால்தான் வந்தார். ஏதோ மறந்துவிட்டது என்று படியில் திரும்பினார். நான் வருகிறார் என்றுதான்..." என்று இழுத்தான். மேடொக்ஸ் ஓடி வந்து அவனைப் பிடித்துக் கிழித்தாள். இருவராய்ப் போனவன் தனியே வருவதா, கூட்டாளியைப் பார்க்காமல் என்ன புடுங்கினாய் என்று கேட்டாள்.

"சார்ஜன்ட், அது பிறகு," என்றாள் செல்வமலர். "இரண்டு லாண்ட்ரோவர் வேண்டும். நாலு பேர், கயிறு, இரண்டு பெரிய டோர்ச், மரம் அறுக்கும் வாள். அங்கே யாராவது காவலாளி இருந்தால் போன் பண்ணிக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். அம்புலன்ஸையும் அங்கே வரச் சொல்லுங்கள். நாலு மணிக்கு நீர் உச்சத்தில் இருக்கும்."

மேடொக்ஸ் போனை நோக்கி ஓடினாள்.

மூன்றே முக்காலுக்குக் கிடங்குக்குள் இறங்கினார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. "அத்தான்! அத்தான்!" என்று அவள் கூப்பிட, அது அவருடைய வீட்டுப் பெயராக்கும் என்று எண்ணி டெரியும் மற்ற மூவரும் "அட்டான்! அட்டான்!" என்று அலறினார்கள். அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து இப்படியொரு கூக்குரலைக் கேட்டிருக்காது.

"இஞ்சை! இஞ்சை! படியிலை கவனம் பிள்ளை, உழுத்துப் போச்சு!" என்று தூரத்தில் ஒரு குரல் வந்தது.

பின்பக்கத்து மரப்படியின் ஒரு பலகை உடைந்து, அவருடைய வலது கால் தொடைவரை உள்ளே போயிருந்தது. கணுக்கால் முறிந்திருந்தது. மூன்று மணித்தியாலம் அப்படியே நின்றிருக்கிறார், தண்ணீர் அவர் இடுப்புவரை ஏறிவிட்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. தலைக்கு மேலே இரண்டு கையாலும் ஒரு போர்வைக் கட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதை எடுக்கத்தான் திரும்பியிருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"போர்வையை விடுங்கோ அத்தான், கையை என்ரை தோளிலை போடுங்கோ."

"நனைஞ்சிடும் பிள்ளை. கையெழுத்து வைச்சு எடுத்த சாமான்."

"விடுங்கோ எண்டா விடுங்கோ!"

அவர் விட்டுவிட்டார். டெரி பலகையை வாளால் அறுத்தான், மற்ற மூவரும் அவரைத் தாங்கிக்கொண்டார்கள். அவள் கடைசி வரை எதையும் தானே தூக்காமல், டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, யார் எந்தப் படியில் கால் வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவரை வெளியே எடுப்பித்தாள். பதினாறு நிமிடம். அதை மேடொக்ஸ் பிறகு மற்றப் பிரிவுகளுக்குப் பாடமாகச் சொன்னாள்.

ஆனால் அந்தப் பதினாறு நிமிடத்தைப் பற்றி நினைக்கும் நிலையில் செல்வமலர் இல்லை. தன்னைத் தூக்கிச் சுவரில் அடித்தால் என்ன என்றுதான் அவளுக்கு இருந்தது.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அத்தான் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். கணேசலிங்கமும் நின்றான்.

"செவ்வாய்க்கிழமை மேஜர் விசாரிப்பார். நான் சொல்லுறதைக் கேள். நீ பேரைக் கூப்பிட்டனி, நான் ஓம் எண்டனான். பிறகு போர்வை ஞாபகம் வந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் நான் திரும்பி ஓடினனான். பிழை என்ரை. விளங்குதோ?"

"அத்தான், அப்பிடி நடக்கேல்லை."

"நடந்தது எண்டு நான் சொல்லுறன். தை மாதம் உன்னைச் சார்ஜன்ட் கோர்ஸுக்கு அனுப்பப் போகினமாம். நான் இந்த வயசிலை உதுக்குள்ளை இருந்து என்ன கிழிக்கப் போறன்? நீ ஒண்டும் கதைக்காதை."

அது பொய்தான், ஆனால் என்ன அழகான பொய்! அவளுக்குக் கோடு மிஞ்சும். டெரி தப்பிவிடுவான். அத்தானுக்கும் பெரிதாக ஒன்றும் வராது, கவனமில்லாத ஆள் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கணேசலிங்கமும் அதையே சொன்னான். "ஒருத்தருக்கும் நட்டமில்லையே. அதோடை, நீ இல்லை எண்டு சொன்னால், அண்ணையைப் பொய்யர் எண்டு வெள்ளைக்காரருக்கு முன்னாலை சொன்ன மாதிரி ஆகும். உனக்கு வாய் வருமோ?"

வராது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அவருடைய பெயரைச் சொல்ல வராத வாய், அவரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்லும்? மூன்று நாளும் அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மேஜர் விட்லொக்கின் அறை. வார நாட்களில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருப்பவர். குரலை உயர்த்தவே மாட்டார். சுவரோரமாகப் பிரிவு முழுவதும் வரிசையாய் நின்றது. அத்தான் ஊன்றுகோல்களோடு கதிரையில் இருந்தார். மேடொக்ஸ் கதவடியில் நின்றாள்.

அத்தான் தன் கதையைச் சொன்னார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மினிகாப்பில் கதை சொல்லிப் பழகிய மனிதர்.

"பெயர் கூப்பிட்டதை வேறு யாராவது கேட்டீர்களா?" என்று மேஜர் கேட்டார்.

டெரி முன்னே ஒரு அடி வைத்தான். "கேட்டேன், சேர். தெளிவாகக் கேட்டேன்."

"நானும்," என்றான் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன். மூன்றாவது ஒருத்தியும் தலையாட்டினாள்.

செல்வமலர் திரும்பிப் பார்த்தாள். யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர்களாகவே அவளுக்காகப் பொய் சொல்கிறார்கள். இரண்டு வருடத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பொய் சொல்லியிராத டெரி, கண் இமைக்காமல், நல்ல பிள்ளைபோல நின்று சொல்கிறான். அன்பினால்தான். அது அவளுக்கு விளங்கியது, விளங்கியபோது நெஞ்சு நிறைந்தது, அடுத்த கணமே பயம் பிடித்தது. இனி ஒரு நாள் இன்னொருவன் காணாமல் போனால், கோப்ரலின் மனம் நோகக்கூடாது என்று இவர்கள் எல்லோரும் இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். அவளும் சரி போடுவாள். தண்ணீர் ஏறும்.

"சேர்," என்றாள். "பிரைவேட் அம்பலவாணன் சொல்வது உண்மையில்லை."

அந்த அறையில் பெயரைச் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். அத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் மாக்கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் பெயரை நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல், வேறொருவரைப் பார்த்துவிட்டுச் சரி போட்டேன். பிரைவேட் நோலனில் பிழையில்லை. அவரும் மற்ற இருவரும் கேட்டதாகச் சொல்வது என்மேல் உள்ள பிரியத்தால். அதற்கும் நான்தான் பொறுப்பு."

"ஏன் கூப்பிடவில்லை?"

"அவர் என் கணவரின் மூத்த சகோதரர். எங்கள் வழக்கத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். அவர் இங்கே வந்த நாளிலிருந்து நான் ஒரு தரமும் கூப்பிட்டதில்லை."

"ஒன்றரை வருடம்? ஒரு தரமும்?"

"ஒரு தரமும் இல்லை, சேர். இது எங்கள் வழக்கத்தின் பிழை அல்ல. வழக்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வர எனக்கு ஏலாது என்றால், அவரை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். சார்ஜன்ட் கேட்டார். நான் பிரச்சினை இல்லை என்றேன். முதல் பிழை அதுதான்."

மேஜர் பேனையை மேசையில் வைத்தார். மேடொக்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு கோடும் போயிற்று. சார்ஜன்ட் பயிற்சிப் பட்டியலிலிருந்தும் பெயரை வெட்டினார்கள். அவள் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கணேசலிங்கம் செவ்வாய்க்கிழமைச் சமையலிலிருந்து விடுதலை என்றே நினைத்துவிட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க, கோடில்லாத கையோடு செல்வமலர் வரிசையில் போய் நின்றாள். பிரிவை இப்போது நடத்துவது டெரி நோலன், தற்காலிகமாக ஒரு கோடு கிடைத்த லான்ஸ் கோப்ரல். அவன் வெட்கத்தில் செத்துக்கொண்டு அவள் பெயரை முணுமுணுத்தான். "கேட்கவில்லை, பலமாகக் கூப்பிடுங்கள்," என்றாள் அவள். அதன் பிறகு பலமாகத்தான் கூப்பிட்டான்.

கோடு போனது அவளுக்குப் பெரிய நோவாக இல்லை. உடம்பில் உள்ள ஓரங்குலத்தையே பிடித்து வாங்கியவளுக்குக் கோட்டைத் திருப்பி வாங்கத் தெரியாதா? நோவு வீட்டில்தான் இருந்தது. அத்தான் வருவதை நிறுத்திக்கொண்டார். தைப்பொங்கலுக்கு வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. கால் சுகமாகி, வேறு பிரிவில் சாரதியாகப் பட்டாளத்துக்கு மட்டும் வந்துபோனார். முற்றத்தில் எதிர்ப்பட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். ஒரு தரம் கோயிலில் தம்பியிடம், "என்னைப் பொய்யன் எண்டு எழுத்திலை ஏத்திப்போட்டாள், பிள்ளைக்காகத்தான் சொன்னனான்" என்றாராம். அதைக் கேட்ட அன்று செல்வமலர் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அவர் சொன்னதில் பிழையில்லை. அவளுக்காகத்தான் சொன்னார். ஆனாலும் இன்னொரு தரம் அந்த அறையில் நிற்க நேர்ந்தால் அதையேதான் சொல்வாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு இருக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஒரு கோடு 1993 கடைசியில் திரும்பி வந்தது. மற்றது 1994 ஒக்டோபரில். மேஜர் கைகுலுக்கி, புதிதாக ஒரு பிரிவை அமைத்துக்கொள் என்றார். விருப்பமானவர்கள் எழுத்தில் கேட்டு வரலாம், காரணம் எழுத வேண்டும். எட்டு இடத்துக்குப் பதினொரு பேர் எழுதினார்கள். டெரியின் தாளில் "காரணம்: அவருக்குத் தெரியும்" என்று மட்டும் இருந்தது.

பயிற்சி நாளன்று காலை மேடொக்ஸ் அந்தத் தாள்களோடு அவளிடம் வந்தாள். ஒன்றை மட்டும் தனியே எடுத்து மேலே வைத்தாள்.

"இதை முதலில் வாசி. நீ வேண்டாம் என்றால் நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது."

பெரிய எழுத்தில், கோட்டுக்கு மேலே கீழே போகாமல், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் ஏ. அம்பலவாணன், சாரதி. காரணம்: நான் இல்லையென்றால் இல்லையென்று சொல்லக்கூடிய கோப்ரல் இவர் ஒருவர்தான். தனக்கு நட்டம் வந்தாலும் சொல்வார். மற்றவர்களோடு போவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது.

செல்வமலர் இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாவது தரம் வாசிக்கக் கண் தெரியவில்லை. மேடொக்ஸ் ஜன்னலுக்கு வெளியே லொறிகளை எண்ணுவதுபோல நின்றுகொண்டாள்.

"ஆளைச் சேர்க்கிறாயா?"

"சேர்க்கிறேன்," என்றாள். எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து, முகத்தைக் கழுவித் துடைத்து, தொப்பியை வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். பட்டியலை இந்தத் தரம் அகரவரிசைப்படி எழுதியிருந்தாள், ஆகவே முதல் பெயர் அவருடையது. கூப்பிட்டாள். பதில் வந்தது, சரி போட்டாள். எட்டையும் கூப்பிட்டு முடித்துவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடந்தவள், அத்தானுக்கு முன்னால் நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் அவளை நேரே பார்த்தார். தலைமயிர் நரைத்திருந்தது. இடது சப்பாத்தின் நாடா அவிழ்ந்து கிடந்தது.

"நாடா அவிழ்ந்திருக்கிறது, பிரைவேட் அம்பலவாணன். கட்டுங்கள்," என்றாள்.

அவர் அவளுக்கு முன்னால் குனிந்து கட்டினார்.